பாவம் யார் பக்கம்? நொரியோ நகயாமா வழக்கு

1968 அக்டோபர் 11. டோக்கியோவில் ஒரு பெரிய ஓட்டலின் வளாகத்துக்குள் இரவில் நுழைந்த பையனைக் காவலாளி பிடித்து நிறுத்தினார். எங்கே போகிறாய் என்று கேட்டார். பையன் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். காவலாளிக்கு வயது 27.

மூன்று நாள் கழித்து கியோத்தோவில், யசாகா கோயில் வளாகத்தில், இரவுக் காவலில் இருந்த 69 வயதுப் பெரியவர். அவரும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். அவரையும் சுட்டான். அக்டோபர் 26இல் வடக்கே ஹக்கோடாதே அருகில் ஒரு டாக்சி ஓட்டுநர், வயது 31. நவம்பர் 5இல் நகோயாவில் இன்னொரு டாக்சி ஓட்டுநர். அவருக்கு 22. டாக்சிக்காரர்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது கொஞ்சம் பணம்.

ஒருவரை ஒருவர் அறியாத நான்கு பேர், ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் பெயர்களை நான் வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. இப்படியொரு கவனத்தை அந்தக் குடும்பங்கள் கேட்டு வாங்கவில்லை. வயதை மட்டும் எழுதுகிறேன். இந்த வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் செத்தவர்கள் மறந்துபோய், கொன்றவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். அதனால்தான் இவர்களை முதலில் வைத்தேன்.

1969 ஏப்ரல் 7ஆம் தேதி, டோக்கியோவின் செண்டகாயா பகுதியில் ஒரு வணிகப் பள்ளிக்குள் திருடப் புகுந்தபோது மறுபடியும் ஒரு காவலாளியைச் சுட்டுவிட்டு ஓடினான். அவர் தப்பித்தார், இவன் பிடிபட்டான். பெயர் நொரியோ நகயாமா, வயது 19. துப்பாக்கி, யொகோசுகாவில் அமெரிக்கக் கடற்படைக் குடியிருப்பில் ஒரு வீட்டிலிருந்து திருடியது. 0.22 அங்குலச் சின்ன ரிவால்வர்.

அன்றைய ஜப்பானியச் சட்டப்படி 20 வயது ஆகாதவர் சிறார்தான். ஆனால் மரண தண்டனைக்கு எல்லைக்கோடு 18. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நின்ற பையனைப் பற்றி, இவனைத் தூக்கில் போடலாமா என்று ஜப்பான் 28 வருடம் வாதாடியது.

ஐந்து வயதில் ஒரு குளிர்காலம்

நகயாமா பிறந்தது 1949 ஜூன் 27, ஹொக்கைடோ தீவின் அபாஷிரி நகரில். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பாவுக்கு ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்யும் தொழில். நல்ல கைத்திறன் உள்ளவர் என்கிறார்கள். சம்பாதித்ததெல்லாம் சூதாட்டத்தில் போனது. அம்மா தெருத்தெருவாகப் பொருள் விற்று வீட்டை நடத்தினாள். கைக்குழந்தை நொரியோவை உண்மையில் வளர்த்தது மூத்த அக்காதான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலைக் காட்டுவாளாம். பிற்பாடு அவன் சொன்ன நினைவுகளில் வெதுவெதுப்பு இருப்பது இதில் மட்டும்தான். அந்த அக்காவும் மனநோய் வந்து மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

1954இல், அப்பாவின் தொல்லை தாங்காமல் அம்மா தன் சொந்த ஊரான இத்தயனாகிக்குக் கிளம்பினாள். அது கடலுக்கு அந்தப் பக்கம், அவோமோரி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லோரையும் கூட்டிப்போகப் பணம் இல்லை. சில பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டாள். ஒரு அக்கா, இரண்டு அண்ணன்கள், ஐந்து வயது நொரியோ என்று நான்கு பேர் அபாஷிரியில் தங்கிவிட்டார்கள். பெரியவர் யாரும் கிடையாது.

அபாஷிரி, ஒகோட்ஸ்க் கடலோரம். குளிர்காலத்தில் கடலே பனிப்பாளமாக வந்து கரையில் மோதும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியைத் தாண்டும் இரவுகள் உண்டு. அந்தக் குளிரில் நான்கு பிள்ளைகளும் கீழே கிடந்ததைப் பொறுக்கித் தின்று உயிரோடு இருந்தார்கள். வசந்தம் வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் அதிகாரிகளிடம் சொல்ல, பிள்ளைகள் அம்மாவிடம் அனுப்பப்பட்டார்கள்.

குளிர்காலம் முழுக்க அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதே அக்கம்பக்கத்தார்தான் இவர்கள். அவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் நம் தெருவில் பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கு மட்டும் எவ்வளவு தெரியும்?

இத்தயனாகிக்குப் போனதும் விடிவு வரவில்லை. ஓர் அண்ணன் அவனை அடி அடி என்று அடித்தான், மயங்கி விழும் அளவுக்கு. அம்மா கண்டுகொள்ளவில்லை. அப்பாவின் சாடை இவனிடம் இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது பின்னால் தெரியவந்தது. பள்ளிக்கூடம் போன நாட்களைவிடப் போகாத நாட்களே அதிகம். வீட்டைவிட்டு ஓடுவான், பிடித்துக்கொண்டு வருவார்கள், மறுபடி ஓடுவான். 1962இல் அப்பா எங்கோ வெளியூரில் செத்துக்கிடந்தார்.

தங்க முட்டை

1965 மார்ச். நாட்டுப்புறத்தில் நடுநிலைப் பள்ளி முடித்த பிள்ளைகளை மொத்தமாக ரயிலேற்றி டோக்கியோவுக்கு வேலைக்கு அனுப்பும் வழக்கம் அன்று இருந்தது. கூலி குறைவு, கை வேகம். அதனால் அவர்களை 'தங்க முட்டைகள்' என்றார்கள். இந்த 15 வயது முட்டை போய்ச் சேர்ந்த இடம் ஷிபுயாவில் ஒரு பழக்கடை.

நன்றாகத்தான் வேலை செய்தான். ஆனால் ஊரில் தான் செய்த ஒரு சில்லறைத் திருட்டு முதலாளிக்குத் தெரிந்துவிட்டது என்று மனதுக்குள் பட்டதும், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையைவிட்டு ஓடினான். அடுத்த மூன்று வருடமும் இதே கதைதான். யாராவது தன் பழைய கதையை மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றும், உடனே ஓட்டம். பால் கடை, அரிசிக் கடை, துறைமுகக் கூலி. யொகோஹாமாவில் சரக்குக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி ஹாங்காங் வரை போய்ப் பிடிபட்டுத் திரும்பினான். இன்னொரு முறையும் கப்பலேறப் பார்த்தான். ராணுவத்தில் சேர மனுப் போட்டான், எடுத்துக்கொள்ளவில்லை. மாலைநேரப் பள்ளியில் சேர்ந்தான், நின்றான். பலமுறை தற்கொலைக்கு முயன்றான்.

ஒரு சின்ன விஷயம் என்னை விட்டு அகலவே மாட்டேன் என்கிறது. குடும்பப் பதிவேட்டு நகலில் அவன் பிறந்த இடம் 'அபாஷிரி, எண்ணிடப்படாத நிலம்' என்று இருந்தது. மனை எண் ஒதுக்காத நிலம், அவ்வளவுதான் பொருள். ஆனால் அபாஷிரி என்றாலே ஜப்பானியருக்குச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். 1965இல் அந்தச் சிறையை வைத்து வந்த ஒரு படம், ஏறக்குறைய இதே சொற்களைத் தலைப்பாகக் கொண்டு, ஓடு ஓடு என்று ஓடியது. பையன் தான் சிறைக்குள் பிறந்தவன் என்றே நம்பிவிட்டான். வேலைக்குச் சேரும் இடத்தில் அந்தத் தாளைக் கேட்பார்கள். அதைக் காட்ட அவனுக்கு உடம்பு கூசும். இல்லவே இல்லாத ஒரு களங்கத்துக்காக வேலை வேலையாக விட்டு ஓடியிருக்கிறான். பக்கத்தில் ஒரே ஓர் ஆள் இருந்திருந்தால், அட லூசு, இது வெறும் மனை எண்ணுடா என்று சிரித்திருப்பான். அப்படிச் சொல்ல ஒருவர்கூட இல்லாததற்குத்தான் தனிமை என்று பெயர். கூட்டம் நிறைந்த டோக்கியோவில் மூன்று வருடம் அவன் அப்படித்தான் இருந்தான்.

பாவம்

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு, அல்லது தொல்லை. கொலை செய்தால் பாவம். அடி வாங்குகிறவனைப் பார்த்தாலும் "பாவம்". ஒரே சொல்லை இரண்டு பக்கமும் வீசுகிறோம். இதுவரை படித்ததில் இரண்டு வகைப் பாவமும் நகயாமாவுக்குப் பொருந்துகிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடுமா என்பதுதான் கேள்வி.

அழிக்காது என்று நினைக்கிறேன். அதற்கு நான் பார்ப்பது முதல் இரண்டு கொலைகளுக்கும் அடுத்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்களை. கியோத்தோவுக்குப் பிறகு அவன் டோக்கியோ திரும்பி ஓர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னான். போலீசில் சரணடை என்றார் அண்ணன். இவன் கேட்கவில்லை, அபாஷிரிக்குப் போய்ச் சாகிறேன் என்று கிளம்பினான். ஹொக்கைடோவில் அலைந்தான், சாகவில்லை. அந்த நாட்களில் ஒரு பாடப்புத்தகத்தில் எழுதிவைத்த வரிகள் கிடைத்தன. சொந்த மண்ணில் மறைந்துபோகத் துணிந்து வந்தும் சாக முடியாமல் ஹக்கோடாதே போகும் ரயிலில் ஏறியதை எழுதியிருக்கிறான். அந்த ரயில் போய்ச் சேர்ந்த ஊரில்தான் 31 வயது டாக்சி ஓட்டுநர் செத்தார்.

முதல் கொலையைப் பதற்றம் என்று சொல்லலாம். ஓர் அந்நியக் கை சட்டையைப் பிடித்தவுடன், அடி வாங்கியே வளர்ந்த உடம்பு முந்திக்கொண்டது என்று ஒரு மருத்துவர் சொன்னால் தலையாட்டத்தான் தோன்றும். ஹக்கோடாதேயில் அது நிற்காது. ஒரு வழி காட்டப்பட்டிருந்தது, சொன்னது சொந்த அண்ணன், யோசிக்க நாளும் இருந்தது. நகோயாவில் கேட்கவே வேண்டாம். பொறு, பொறு என்று அந்த 22 வயதுப் பையன் கெஞ்சியிருக்கிறான். அந்தக் குரலைக் கேட்ட பிறகும் சுட்டிருக்கிறான். என் இரக்கம் ஒவ்வொரு முறையும் அந்த டாக்சிக்குள் வந்ததும் நின்றுவிடுகிறது. நிற்கத்தான் வேண்டும்.

ஆனால் அங்கே நின்ற இரக்கம் அபாஷிரியில் ஐந்து வயதுப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளப்படுவதில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். அந்தப் பிள்ளைக்காக வருந்தினால் நகோயா பையனுக்குத் துரோகம் செய்ததாக எண்ணுகிறார்கள். ஒரு பானைத் தண்ணீரைப் பங்கு போடுவது மாதிரி, இவனுக்கு ஊற்றினால் அவனுக்குக் குறையும் என்று.

278 நாட்கள்

1974இல் இஷிகாவா யோஷிஹிரோ என்ற மனநல மருத்துவர் நகயாமாவைப் பரிசோதித்தார். சாதாரணமாக இப்படிப்பட்ட சோதனை சில சந்திப்புகளில் முடிந்துவிடும். இவர் எடுத்துக்கொண்டது 278 நாள். பேச வைத்து, பேசியதையெல்லாம் நாடாவில் பதிவு செய்தார். 100 மணி நேரத்துக்கு மேல். அதுவரை நீதிமன்றத்தில் புரட்சி பேசிய, வறுமைதான் குற்றவாளி என்று முழங்கிய நகயாமா, அவர் முன்னால் முதல்முறையாக அம்மாவைப் பற்றியும் அண்ணனின் அடிகளைப் பற்றியும் பேசினான்.

இஷிகாவா அதோடு நிற்காமல் அம்மாவையும் சந்தித்தார். அப்போதுதான் இந்த வழக்கின் ஆக ஆழமான இடம் திறந்தது. அந்த அம்மாவும் சிறுமியாக இருக்கும்போது ரஷ்யத் தூரக்கிழக்கில் தன் தாயால் விட்டுவிட்டுப் போகப்பட்டவள். அவளும் ஒரு கொடும் குளிர்காலத்தைத் தனியாகப் பிழைத்துக் கடந்தவள். தன்னை எப்படி விட்டுப்போனார்களோ அப்படியே தன் பிள்ளைகளை விட்டுப்போனாள்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அந்த அம்மாமீது எனக்குக் கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது. கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்தால் அவளும் பாவம். அவளுடைய அம்மாவைத் தேடிப்போனால் அங்கேயும் ஏதோ இருக்கும். இப்படியே போனால் கடைசியில் குற்றவாளி என்று ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் கவனித்துப் பார்த்தால், அம்மாவின் கதை தெரிந்த பிறகும் அவள் செய்தது தவறு என்ற என் தீர்ப்பு மாறவில்லை. அவளைப் பேய் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நகயாமா விஷயத்திலும் எனக்கு நடந்தது இதுதான்.

இன்று நாம் மனவடு என்று பேசுவதை, சிறுவயது வன்முறை வளர்ந்தவனின் நடத்தையை எப்படி முறுக்குகிறது என்பதை, அந்த அறிக்கை 1970களிலேயே விரிவாக எழுதியிருந்தது. அரசுத் தரப்புக்குச் சாதகமான இன்னோர் அறிக்கையும் வழக்கில் இருந்தது. 1979 ஜூலை 10இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இஷிகாவாவின் அறிக்கையை ஒதுக்கிவைத்து மரண தண்டனை விதித்தது. இஷிகாவா அதன் பிறகு நீதிமன்றத்துக்காக மனநலச் சோதனை செய்வதையே விட்டுவிட்டார். நாடாக்களைப் பத்திரமாக வைத்திருந்தார், பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை வெளியே வந்தன.

ஒரே வீடு, வேறு பிள்ளைகள்

1981 ஆகஸ்ட் 21இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்தப் பிள்ளைக்குக் கை கொடுத்திருக்க வேண்டிய அரசும் சமூகமும் கொடுக்கவில்லை, இப்போது எல்லாப் பழியையும் அவன் தலையில் மட்டும் ஏற்றுவது முறையல்ல என்பது தீர்ப்பின் சாரம். எந்த நீதிமன்றமாக இருந்தாலும் மரணத்தைத்தான் விதிக்கும் என்று சொல்லக்கூடிய வழக்குகளுக்கு மட்டுமே அந்தத் தண்டனை என்றும் சொன்னது.

1983 ஜூலை 8இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ஜப்பானில் இன்றும் மரண தண்டனைக்கு அளவுகோலாக இருப்பது அந்தத் தீர்ப்புதான். பெயரே 'நகயாமா அளவுகோல்'. குற்றத்தின் தன்மை, நோக்கம், கொன்ற விதம், எத்தனை பேர் செத்தார்கள், குடும்பத்தாரின் உணர்வு, சமூகத்தில் ஏற்பட்ட பாதிப்பு, குற்றவாளியின் வயது, பழைய குற்றங்கள், குற்றத்துக்குப் பின் நடந்துகொண்ட விதம் என்று ஒன்பது அம்சங்கள். பட்டியலை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். வளர்ந்த சூழல் என்று ஒரு தனி அம்சம் அதில் கிடையாது. இந்த வழக்கின் பெயரைத் தாங்கிய அளவுகோலில், இந்த வழக்கில் அதிகம் பேசப்பட்ட விஷயத்துக்கு இடமில்லை.

வளர்ப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசாமல் இல்லை. அதே நிலைமையில் வளர்ந்த மற்ற அண்ணன்மாரும் தங்கையும் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் வாழ்கிறார்கள் என்று சுட்டிக்காட்டியது. கேட்டதும் வாயடைக்கும் வாதம் இது. எங்கள் வீட்டிலும் ஐந்து பேர், நாங்கள் யாரைக் கொன்றோம் என்று நம்மவர்களும் சொல்வார்கள்.

ஆனால் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்கு ஒரே வீடு கிடைத்ததாக அர்த்தமில்லை. தங்கை அந்தக் குளிர்காலத்தில் அம்மாவோடு போனவள். அபாஷிரியில் தங்கிய நால்வரில் ஐந்து வயது ஒருவனுக்குத்தான். அடித்த அண்ணனும் அடி வாங்கிய தம்பியும் ஒரே நிலைமையில் வளர்ந்தவர்களா? தூக்கி வளர்த்த அக்காவை இழந்தது யார்? நீதிமன்றம் வீட்டு வாசலில் நின்று தலைகளை எண்ணியிருக்கிறது, உள்ளே போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சரி, இதற்காக ஆயுள்தான் சரி, தூக்கு தவறு என்று முடிந்துவிடாது. எனக்கு எந்தத் தூக்கிலும் உடன்பாடில்லை, அது தனிக் கதை. தூக்கு வேண்டும் என்கிறவர்களுக்கும் சொல்வேன், இந்த வாதத்தை வைத்து அதைக் கேட்காதீர்கள்.

வழக்கு மறுபடி உயர் நீதிமன்றம் போய் 1987இல் மரண தண்டனை, 1990இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதி.

எழுத்தும் பணமும்

எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாமல் உள்ளே போனவர், சிறையில்தான் படித்தார். 1971இல் அவருடைய சிறைக் குறிப்பேடுகள் புத்தகமாக வந்து பெரிதாக விற்றன. 1983இல் ஒரு சிறுகதைக்கு இலக்கியப் பரிசு கிடைத்தது. 1990இல் ஜப்பான் எழுத்தாளர் சங்கத்தில் சேர அனுமதி மறுக்கப்பட்டபோது, அதைக் கண்டித்துக் கரத்தானி கோஜின், நகாகமி கெஞ்சி, சுட்சுயி யசுதகா போன்ற பெரிய பெயர்கள் சங்கத்தைவிட்டே வெளியேறினார்கள்.

இந்தப் பகுதியில் 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். எந்த இடத்தில் 'அவன்' அவரானான் என்று மேலே போய்த் தேடினேன். புத்தகம் எழுதியதும் மரியாதை வந்துவிட்டது போல. இது எனக்கே பிடிக்கவில்லை. எழுதத் தெரிந்த கொலைகாரன்மேல் நமக்கு இரக்கம் சுலபமாக வருகிறது. தன் கதையைச் சொல்லத் தெரியாமல், ஆமாம், கொன்றேன் என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்து நிற்பவனுக்கு 278 நாள் யார் தருவார்கள்?

புத்தகப் பணத்தை இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சொன்னார். சிறையில் இருந்தபடியே 1980இல் மணந்துகொண்ட பெண், வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். சில குடும்பங்கள் பணத்தை வாங்கிக்கொண்டன. சில மறுத்துவிட்டன. வாங்கியவர்கள் மன்னித்தார்கள் என்று சொல்ல முடியாது. கணவனை இழந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் செலவு இருக்கிறது. வாங்காதவர்களைக் கல்மனசுக்காரர்கள் என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. என் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதும் இரக்கத்துக்கு விலை கிடையாது. அவர்களிடம் கேட்கப்பட்டதற்கு இருந்தது.

1997 ஜூன் கடைசியில், கோபே நகரில் ஒரு சிறுவனைக் கொன்றதற்காக 14 வயதுப் பையன் கைதானான். நாடே கொந்தளித்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி டோக்கியோ சிறையில் நகயாமா தூக்கிலிடப்பட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் சந்தேகப்பட்டார்கள், அரசு எதுவும் சொல்லவில்லை. ஜப்பானில் கைதிக்கு அன்று காலைதான் சொல்வார்கள். வயது 48. வழக்கறிஞரிடம் வந்து சேர்ந்தது சாம்பல். அதை அபாஷிரிக்கு அப்பால் ஒகோட்ஸ்க் கடலில் கரைத்தார்கள். எழுத்தால் வரும் பணம் உலகத்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெரு நாட்டுப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படியே ஒரு நிதி உருவானது, பணம் போனது.

இஷிகாவாவின் அறிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. விசாரணையின்போது நகயாமாவே அதை ஏற்கவில்லை, தன்னைப் பற்றி எழுதியதாகத் தோன்றவில்லை என்றார். மருத்துவரை ரொம்பவே உடைத்துப்போட்டது அதுதான். தூக்கிலிட்ட பிறகு நகயாமாவின் உடைமைகளைப் பார்த்தபோது, படித்துப் படித்து நைந்துபோன அந்த அறிக்கை உள்ளே இருந்தது.